மாடிப்படிக்கு அடியில், நாலே முக்கால்

இரண்டும் நிற்கின்றன.
ஒன்றில் பதிவு எண்.
இன்னொன்றில் கடைக்காரன் ஒட்டிய மயில், பாதி உரிந்தது.
கழிஞ்சூரில் கரண்ட் போய் ஒரு மணி நேரம்.
தகரத்தின் மேல் யாரோ
உளுந்து கொட்டிக்கொண்டே இருப்பது போல மழை.

வண்டி தம்பியுடையது. புருசோத்து
ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி கம்பெனி,
சனி ராத்திரிதான் வருவான்.
"இன்னாத்துக்கு அந்த ஓட்டை சைக்கிள மிதிச்சிகினு போற,
வண்டி சும்மாதான கீது?"
உண்மை. சும்மாதான் கீது.
சும்மா நின்றபடியே
இன்னும் பதினோரு தவணை கேட்கிறது.

வண்டிக்காகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்:
பன்னிரண்டு நிமிடம்.
விளக்கு தானாக எரியும்.
பின்னால் வரும் லாரிக்காரனுக்கு
நான் ஒரு ஆள் என்று தெரியும்.

சைக்கிளுக்கு முப்பத்தைந்து நிமிடம்.
நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை
கூப்பிட்டதும் நிற்காது, யோசித்துத்தான் நிற்கும்.
ஆனால் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி
அப்படியே விட்டுப்போன விருதம்பட்டுச் சந்தில்
எது குழி, எது வெறும் தண்ணீர்
என்று தெரியாத இடத்தில்
இறங்கித் தோளில் தூக்கிக்கொள்ளலாம்.
வண்டியை யார் தூக்குவது?
போன ஐப்பசியில் சைலன்சருக்குள் தண்ணீர் புகுந்து
அங்கேயே உட்கார்ந்துவிட்டது,
கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட
மாப்பிள்ளையின் சித்தப்பா மாதிரி.

பாலத்தில் வேறு கணக்கு.
ஆறு ஓடுகிறது. ஆமாம், பாலாறுதான்.
வருஷமெல்லாம் மணலையும் முள்ளையும் காட்டிவிட்டு
இப்போது தூண்களை உரசிக்கொண்டு, மண் நிறத்தில்.
கிழக்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு
இரண்டு சக்கரமும் ஒன்றுதான்.
சைக்கிளென்றால் இறங்கித் தள்ள
வெட்கப்பட வேண்டியதில்லை, அவ்வளவே.

இதெல்லாம் கேட்பவர்களுக்குச் சொல்வது.
காரணம் வேறு. புருசோத்திடம் சொன்னதில்லை.

ஐந்தரைக்கு ரத்தம் எடுக்கும் அறை திறக்கும்.
வெறும் வயிற்று வரிசை,
மால்டாவிலிருந்தும் தும்காவிலிருந்தும் வந்தவர்கள்,
ரிப்போர்ட்டுகளை பிளாஸ்டிக் கவரில் நனையாமல் பிடித்து
தாங்கள் நனைந்து நிற்பார்கள்.
வண்டியில் வந்த அன்று என் விரல்கள்
பிரிட்ஜில் மறந்துபோன வெண்டைக்காய்.
ஆக்சிலேட்டரை முறுக்கிய மணிக்கட்டில்
இன்ஜினை அணைத்த பிறகும்
அது ஓடிக்கொண்டிருந்தது.
ஒரு சிறுமி, ஏழு வயது இருக்கும்.
நான் தொட்டதும் அவள் நரம்பு
நத்தை போல உள்ளே போய்விட்டது.
ஒரு குத்து.
இன்னொரு குத்து.
மூன்றாவதற்கு மெர்லினைக் கூப்பிட்டேன்.
அவள் அழவில்லை.
அம்மாவின் முந்தானையைக் கடித்துக்கொண்டு
என் கையையே பார்த்தாள்.
முகத்தைப் பார்த்திருந்தால் பரவாயில்லை.

மிதித்து வந்தால்
எவ்வளவு கொட்டினாலும், பாலத்தின் பாதியில்
எங்கிருந்தோ ஒரு சூடு கிளம்புகிறது.
முதலில் தொடை, பிறகு முதுகு,
புது பஸ் ஸ்டாண்ட் தாண்டும்போது விரல் நுனி.
உள்ளே நுழைகையில் நான் பிழியாத துணி,
கை மட்டும்
டீ கிளாஸை இப்போதுதான் கீழே வைத்த கை.
"முட்டோ கொருன்" என்பேன்.
கையை மூடு என்று அர்த்தம்.
எனக்குத் தெரிந்த வங்காளம் அத்தோடு சரி.
மூடுவார்கள்.
நரம்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

மணி நாலு ஐம்பத்திரண்டு.
மின்னலில் மயில் ஒரு தடவை தெரிந்து போகிறது.
வண்டியின் மேலிருந்த உறையை உருவி
சாப்பாட்டுப் பையைச் சுற்றுகிறேன், மிச்சத்தை
தலையில் போட்டு முடிச்சிடுகிறேன்.
சாரல் அதன் சீட்டில் விழத் தொடங்கிவிட்டது.
சனிக்கிழமை கேட்பான்.
கேட்கட்டும்.